இருபது படங்களில் ஒரு மலை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்தில் சென்றவர்கள் கண்ணமங்கலம் தாண்டியதும் மேற்கே ஒரு நீண்ட மலைத் தொடரைப் பார்த்திருப்பார்கள். சந்தவாசல் வரும், போகும், போளூர் வரும், மலை மட்டும் சன்னலை விட்டு அகலாது. அதுதான் ஜவ்வாது மலை. சந்தவாசல்காரர்களாகிய எங்களுக்கு மேற்கு என்ற சொல்லே அதிகம் தேவைப்படுவதில்லை. 'மலைப்பக்கம்' என்றால் போதும். சூரியன் மறைவதும் கோடை மழை இருட்டிக்கொண்டு வருவதும் அந்தப் பக்கந்தான்.

நம் கல்லூரி நண்பர்கள் விடுமுறை தோறும் எங்கள் ஊர்ப்பக்கம் வருவதுண்டு. வந்தவர்கள் கைப்பேசியில் படம் எடுத்துச் செல்வார்கள். படத்தில் நண்பர்கள் நன்றாகவே இருப்பார்கள், மலைதான் இருக்காது. இருந்தாலும் தோளுக்கு மேல் ஒரு சாணளவு நீலமாக இருக்கும். அப்படி ஒரு படத்தை ஒருநாள் என் ஆயாவிடம் காட்டினேன். அவர் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னாடா, ஒரு துண்டு? மீதி மலை எங்க?" என்றார். முழங்கால் வலியால் ஆயா வாசலைத் தாண்டி நான்கைந்து ஆண்டுகள் ஆகின்றன. எதிரே புதிதாய் எழும்பிய மாடி வீடு, வாசலிலிருந்து தெரிந்த மலையையும் மறைத்துவிட்டது. இளம் பெண்ணாக இருந்தபோது ஒவ்வொரு புளிக்காலத்திலும் மலையேறி, வாரக்கணக்கில் அங்கேயே தங்கிப் புளி உலுக்கி, தலைச்சுமையாக இறக்கி வந்தவர். 'மீதி மலை'யை அவருக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அன்றுதான் வந்தது.

ஒரு சட்டத்துக்குள் அடங்காத காட்சியைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி ஒன்றாக்கும் கலைக்குப் 'பனோரமா' என்று பெயர். 'எல்லாவற்றையும் காண்பது' என்னும் பொருள்பட, கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆக்கிய பெயர். இதில் முதலில் இறங்கியவர்கள் ஓவியர்கள். எடின்பரோவில் வாழ்ந்த ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர், பார்ப்பவரைச் சுற்றி வட்டமாகச் சூழ்ந்து நிற்கும் ஓவியத்துக்கு 1787-இல் காப்புரிமை பெற்றார். 1800-இல் லண்டன் மக்கள் கூட்டங் கூட்டமாய்ச் சென்று பார்த்த ஒரு பனோரமா நமக்கு மிகவும் வேண்டிய ஒன்றைப் பற்றியது. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த போரை ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர் ஏறத்தாழ 120 அடி நீளத்தில் தீட்டியிருந்தார். தீட்டியவர் இந்தியாவைக் கண்ணால் கண்டவரல்லர்! திப்புவின் குடும்பத்தார் நம் வேலூர்க் கோட்டையில் சிறையிருக்க, லண்டனில் காசு கொடுத்து அவர் வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனோரமா என்றாலே வென்றவன் மேட்டில் நின்று பார்ப்பதுதானோ என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

புகைப்படக் கலை பிறந்ததும் இதே வேலை அதற்கும் வந்தது. சென்னை அரசின் புகைப்படக்காரராக இருந்த லினியஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டினார். ஒட்டிய நீளம் ஏறத்தாழ 19 அடி. காகித நெகட்டிவ் காலத்தில், கணிப்பொறி ஏதுமின்றி அவர் செய்ததை எண்ணினால் நாங்கள் செய்தது ஒன்றுமேயில்லை.

கைப்பேசியிலேயே பனோரமா வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. கையைச் சுழற்றினால் நீளமாக ஒரு படம் வரும். ஆனால் கை ஏறினால் மலை ஏறும், கை இறங்கினால் மலை இறங்கும். பெரிதாக்கிப் பார்த்தால் மரங்கள் மெழுகாய் உருகி நிற்கும். ஆயாவின் கண்ணுக்கு அது போதாது. வகுப்புத் தோழன் ஒருவனின் அண்ணன் திருமணங்களுக்குப் படம் எடுப்பவர். மார்கழியில் திருமணம் இல்லை. கேமராவும் முக்காலியும் சும்மா இருந்தன. கேட்டோம், கொடுத்தார்.

இனி ஒரே ஒரு பொருள்தான் தேவைப்பட்டது: ரசமட்டம். என் தந்தை கொத்தனார். அவர் பையில் அது எப்போதும் இருக்கும். கேட்டேன். "வேல செய்யற சாமானக் கடன் குடுக்கறதில்ல. எத்தினி மணிக்குப் போறீங்கன்னு சொல்லு, நானே வரேன்" என்றார். இவ்வாறாக மாணவர் நால்வர் செல்லவிருந்த பயணத்தில் ஐந்தாமவராக அப்பா சேர்ந்துகொண்டார்.

நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் படவேட்டின் கோட்டைமலை. 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய ஊர் படவேடு. விசயநகரத்துக் குமார கம்பணன் படையெடுத்து அவர்களை வென்றான். இன்று கீழே ரேணுகாம்பாள் கோயிலும், கண்ணுக்கெட்டிய வரை வாழைத் தோட்டங்களும்; மலையுச்சியில் வேணுகோபாலர் கோயில். இவ்வட்டாரத்துத் திருப்பணி ஒன்றில் அப்பா சித்தாளாகக் கல் சுமந்ததுண்டு. ஏறும் வழியெல்லாம் எது பழைய கட்டு, எது புதுக்கட்டு என்று சுண்ணாம்புப் பூச்சைப் பார்த்தே சொல்லிக்கொண்டு வந்தார். நண்பர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்கள். வரலாற்றுத் துறை நண்பர்கள் உடன் வராதது அவர்களுக்கு இழப்பே.

உச்சியில் வேலை தொடங்கியது. கேமராவை நெட்டாக நிறுத்தினால் 50 மி.மீ. லென்சு பக்கவாட்டில் சுமார் 27 பாகையைப் பார்க்கிறது. அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அப்போதுதான் கணிப்பொறி இரண்டிலும் உள்ள பொதுப் புள்ளிகளைக் கண்டு ஒட்ட முடியும். ஆகவே படத்துக்கு 18 பாகை வீதம் 20 படங்களில் 360 பாகையும் முடிந்துவிடும். முக்காலியின் தலையில் கோணமானி வரைந்த காகிதத்தை ஒட்டியிருந்தோம். ஆய்வகத்தில் நிறமாலைமானியைச் சுழற்றி வெர்னியர் படித்துப் படித்துச் சலித்த கைகளுக்கு இது பழக்கமான வேலைதான்.

முக்காலி சாய்ந்திருந்தால் தொடுவானம் நேர்கோடாக வராது. நம் பாடப் புத்தகத்துச் சைன் வளைவைப்போல் ஏறி இறங்கும். அப்பா ரசமட்டத்தை வைத்தார், திருப்பி வைத்தார், ஒரு காலின் கீழ்ச் சிறு கல்லைச் செருகினார், மீண்டும் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. இரண்டே நிமிடம்.

அடுத்தது கடினமானது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டிப் பாருங்கள். தலையைச் சற்று நகர்த்தினால் விரல் பின்னணியை விட்டு விலகும். இதுவே இடமாறு தோற்றம். கேமரா தன் உடலை அச்சாகக் கொண்டு சுழன்றால் அருகிலுள்ள பாறை ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் நிற்கும், ஒட்டுவது எப்படி? லென்சுக்குள் ஒளி நுழையும் வாய் எங்கே தோன்றுகிறதோ அந்தப் புள்ளியே சுழற்சியின் அச்சாக வேண்டும். இதற்கென விற்கும் கருவி நம் விலைக்கு எட்டாது. அப்பா முந்தின நாளே மரச்சட்டம் ஒன்றில் நீளமாகத் துளை எடுத்துத் தந்திருந்தார். கேமராவை அதில் முன்னும் பின்னும் நகர்த்தலாம். புள்ளியைக் கண்டுபிடிக்க அருகே ஒரு நிலைக்குத்துக் கோடு வேண்டும் என்றேன். அவர் தூக்குக்குண்டை எடுத்து ஒரு கிளையில் தொங்கவிட்டார். தொலைவில் தெரிந்த ஒரு கோபுரத்தின் நேரே நூலை நிறுத்தி, சுழற்றி, நகர்த்தி, மீண்டும் சுழற்றினோம். நூலும் கோபுரமும் பிரியாமல் நின்ற இடத்தில் திருகை முடுக்கினோம்.

"இதத்தான் காலேஜில சொல்லித் தராங்களா?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாம்ப்பா. கொஞ்சம்."

"ஒத்தக் கண்ணால நூல் பாக்கறது. நாங்க தெனம் செய்யறது."

அவர் கேலி செய்தாரா, மகிழ்ந்தாரா என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒளியளவை எல்லாப் படங்களுக்கும் ஒன்றாகவே பூட்டி வைத்தோம். இல்லையேல் சூரியன் இருக்கும் பக்கம் ஒரு நிறமாகவும் மலைப்பக்கம் வேறு நிறமாகவும் ஒட்டுப்போட்ட சட்டைபோல் வானம் தெரியும். வடக்கே தொடங்கினோம். பதினொன்றாம் படத்தில் ஒரு குரங்கு குறுக்கே வந்து உட்கார்ந்தது. பன்னிரண்டாம் படத்துக்கும் அதுவே எங்களுக்கு முன் இடம்பிடித்துக் காத்திருந்தது. 1904-இல் அமெரிக்காவில் 'சர்க்குட்' என்றொரு கேமரா காப்புரிமை பெற்றது. அது தானே மெல்லச் சுழன்று நீண்ட படம் எடுக்கும். பள்ளிக் குழுப்படம் எடுக்கும்போது குறும்புப் பையன் ஒரு முனையில் நின்றுவிட்டு, பின்புறமாக ஓடி மறு முனையிலும் நின்று இருமுறை பதிவாகிவிடுவானாம். எங்கள் குரங்கு அந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும்.

படங்கள் முடிந்தபின் யாரும் உடனே இறங்கவில்லை. கிழக்கே வாழைத் தோட்டங்களும், ஏரிகளும், சந்தவாசல் பக்கத்துச் சாலையும். மேற்கே மலைக்குப் பின் மலையாய் அடுக்கு. இடையில் செண்பகத்தோப்பு அணையின் நீர் வெள்ளித் தகடாய்த் தெரிந்தது. சமவெளியிலிருந்து 400 மீட்டர் உயரத்தில் நிற்பவனுக்குக் கணக்குப்படி தொடுவானம் 71 கிலோமீட்டர் தள்ளியிருக்கும்; மார்கழி மூடுபனி அதில் பாதியைக்கூடத் தரவில்லை. தெற்கே மங்கலாய்த் தெரிந்த மேடு அண்ணாமலை என்றார் அப்பா. மேகம் என்றான் ஒரு நண்பன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தும் வழக்கு இன்னும் தீரவில்லை.

"எவ்வளவு காடு! ஒரு மனிதன்கூட இல்லை" என்றான் இன்னொருவன். பார்த்தால் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த அடுக்குகளுக்குப் பின்னேதான் சமுனாமரத்தூர் இருக்கிறது, சாமை விளைவிக்கும் மலையாளி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. இன்னும் அப்பால் காவலூரில், 1986-இல் வைணு பாப்புவின் பெயர் பெற்ற வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1972-இல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு 1977-இல் யுரேனசின் வளையங்களைக் கண்டறிவதில் பங்கு கொண்டார்கள். அப்பாவோ வேறொன்றை நினைத்தார். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திரத்தின் சேசாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் காவல் படையினரால் சுடப்பட்டு 20 தமிழர்கள் மாண்டார்கள். அவர்களில் பலர் நம் மாவட்டத்தவர், இம்மலைக்காரர்களும் இருந்தனர். "ஆளு இல்லாம இல்லப்பா. வேல தேடி எறங்கிப் போயிருக்காங்க" என்றார் என் நண்பனிடம். அதன்பின் சற்று நேரம் பேச்சில்லை.

இறங்கும்போது நண்பர்கள் முன்னே போய்விட்டார்கள். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பெங்களூரில் கட்டட வேலை எடுக்கும் மேஸ்திரி ஒருவர், நான் பட்டம் முடித்ததும் ஆட்கணக்கு எழுத அனுப்பும்படி அப்பாவிடம் கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். சம்பளம் வரும் வேலையை வேண்டாம் என்று சொல்லும் நிலை எங்களுக்கு இல்லை. நான் அது பற்றிப் பேசாமலே இருந்தேன்.

"இதுக்கு மேல படிப்பு இருக்குதா?" என்று கேட்டார்.

"எம்.எஸ்ஸி. ரெண்டு வருசம்."

"ம்" என்றார். தூக்குக்குண்டின் நூலைச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டே நடந்தார்.

பொங்கல் கழிந்த மறுவாரம் அவர் தொலைபேசியில் பேசியது என் காதில் விழுந்தது. "பையன் வரலீங்க மேஸ்திரி. கணக்கு எழுத வேற ஆளப் பாத்துக்குங்க." என்னிடம் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

படங்களைத் தோழனின் அண்ணன் வீட்டுக் கணிப்பொறியில் 'ஹியூகின்' என்ற இலவச மென்பொருளைக் கொண்டு ஒட்டினோம். ஒரு படத்தின் புள்ளியை மற்றொரு படத்தில் தானே தேடிப் பொருத்தும் வழியை 2003-இல் கனடாவின் மேத்யூ பிரவுன், டேவிட் லோவே இருவரும் வெளியிட்டனர். அதுமுதல் இவ்வேலை எளிதாயிற்று. தொடுவானம் நூல் பிடித்தாற்போல் நேராக வந்தது. குரங்கு ஒன்றாகிவிட்டது. பிளக்ஸ் கடையில் அரையடி உயரம், ஐந்தடி நீளத்தில் அச்சடிக்கக் கொடுத்தேன். கடைக்காரர் திரையை ஒருமுறை முழுக்க நகர்த்திப் பார்த்துவிட்டு, "இதுல முகம் எங்க தம்பி?" என்றார். பிறந்தநாள், திருமணம், கண்ணீர் அஞ்சலி எதுவாயினும் ஒரு முகம் இல்லாமல் அவர் கடையில் எதுவும் அச்சானதில்லையாம்.

ஆயாவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் அப்பாவே அதை அடித்தார். ஆயா இடப்பக்கத்திலிருந்து விரலை வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு மேடும் பள்ளமுமாகத் தெரிந்த இடமெல்லாம் அவருக்குப் பெயராக இருந்தது. முறம்போல் தெரியும் சரிவுக்கு முறத்தின் பெயர். சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்கும் பாறைக்கு ஒரு பெயர். நிறைமாதமாய் ஏறியவளுக்கு வலி கண்ட இடத்துக்கு ஒரு பெயர். நான் வரைபடத்தைப் பார்த்தேன். இவற்றில் ஒன்றுகூட அதில் இல்லை. ஓர் எழுதுகோலை எடுத்து அவர் சொல்லச் சொல்ல படத்தின் கீழ் ஓரத்தில் எழுதினேன். பதினேழு பெயர்கள் ஆயின. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து, இரண்டு பெயர்கள் இடம் மாறியிருப்பதாகச் சொன்னார். ஆயா ஒப்பவில்லை. இருவரும் மாலைவரை வாதிட்டார்கள். நான் அந்த இரண்டுக்கும் இரு பெயர்களையும் எழுதி வைத்தேன்.

கடைசியாக ஆயா மேற்கு முகட்டின் மேல் விரலை நிறுத்தினார். புளிக்காலத்தில் அவர் தங்கிய ஊர் அதற்கு அந்தப் பக்கமாம். "இது முதுகுதான்டா. மூஞ்சி அந்தாண்ட கீது. அத எப்ப எடுப்பே?"

போளூரிலிருந்து சமுனாமரத்தூருக்குப் பேருந்து உண்டு. அப்பா வருவதாகச் சொல்லிவிட்டார். ஆனால் தை பிறந்துவிட்டது. இனி ஆடி வரும்வரை அந்தக் கேமரா திருமண மண்டபங்களில்தான் இருக்கும்.