மெகாவாட் பாதிக் கணக்குதான்

1962இல் ஓடத் தொடங்கிய நெய்வேலி முதல் அனல்மின் நிலையம், 600 மெகாவாட், 2020 செப்டம்பரோடு நின்றது. எண்ணூரின் 450 மெகாவாட் 2017லேயே மூடப்பட்டுவிட்டது. "அதைவிட அதிகமா சோலார் வந்தாச்சே, அப்புறம் என்ன சார்?" என்பார்கள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே சப்ஸ்டேஷன் பானலைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு மெகாவாட் பாதிக் கணக்குதான்.

சுவிட்சை அணைத்த பிறகும் கிரைண்டர் கல் கொஞ்ச நேரம் சுற்றும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் டர்பைனும் அப்படியே. எங்கோ ஒரு யூனிட் ட்ரிப் ஆனால், மற்ற டர்பைன்களின் அந்த வேகம்தான் முதல் சில நொடிகளுக்கு 50 ஹெர்ட்ஸைத் தாங்கும். நீராவி கூடுவதெல்லாம் அப்புறம். சோலார் தகட்டில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை.

அந்த ஹெர்ட்ஸை நாடே சேர்ந்து சுமக்கிறது. 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் தென்னக கிரிட்டை மற்ற கிரிட்டுகளோடு இணைத்தது. வோல்டேஜுக்கு அந்த வசதி இல்லை. அந்தந்த ஊரில்தான் சரிசெய்தாக வேண்டும். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடினால் அதுவே ஏற்றும், இறக்கும். அது போனால் எங்களிடம் மிஞ்சுவது டிரான்ஸ்ஃபார்மரின் டேப் சேஞ்சரும் கெபாசிட்டர் பேங்கும்.

கெபாசிட்டர் நல்ல வேலைக்காரன், ஆனால் ஆபத்துக்கு உதவமாட்டான். வோல்டேஜ் பத்து சதவீதம் விழுந்தால் அதன் பலம் கிட்டத்தட்ட இருபது சதவீதம் விழும். லோடு குறைந்த நேரத்தில் அதை விட்டுவைத்தால் வோல்டேஜ் எகிறும். ஒருமுறை எடுத்துவிட்டால், உள்ளே தேங்கிய சார்ஜ் இறங்கும்வரை பொறுத்துத்தான் மறுபடி போட முடியும். 2025 ஏப்ரல் 28இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டதற்கு எகிறிய வோல்டேஜே முக்கியக் காரணம்.

நிலக்கரியை மூடட்டும், எனக்கு மறுப்பில்லை. பழைய ஜெனரேட்டரை, எரிபொருள் இல்லாமலே, சிங்க்ரனஸ் கண்டென்சராகச் சுழலவிடலாம். சுழலும் எடையின் தாங்கலும் வோல்டேஜ் கட்டுப்பாடும் இரண்டும் கிடைக்கும். பேட்டரி, காடம்பாறை போன்ற நீரேற்று நிலையம் எல்லாம் வேண்டும். ஆனால் மூடும் தேதிக்கு முன்னால் அவை தயாராக இருக்க வேண்டும்.

விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. போன கரண்ட் திரும்பியதும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்புகின்றன; அந்த நொடி ஃபீடரின் ஆம்பியர் முள் பாய்ந்து ஏறும், கடைக்கோடி மோட்டார் திணறும். மோட்டாருக்கு ஏற்ற கெபாசிட்டர் மாட்டுங்கள். ஆட்டோவில் ஆளுக்கொரு நேரம் தள்ளி வையுங்கள். காயிலும் எரியாது, பக்கத்துக் கொல்லைக்கும் தண்ணீர் பாயும்.