பற்று வரவு

நுழையும்முன்

மளிகைப் பொருள் வாங்குவது அன்றாடச் செயல். அச்செயலுக்குள் அளவும் நாணயமும் மானமும் எவ்வாறு கலந்திருக்கின்றன என்பதைத் தம் இளமை நினைவின் வழியே கூறுகிறார், நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்.

காஞ்சிபுரத்தில் நாங்கள் குடியிருந்த நெசவாளர் தெருவின் முனையில் ஒரு மளிகைக் கடை இருந்தது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. ‘முனைக்கடை’ என்றால் எல்லாருக்கும் தெரியும். காலையில் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைப்பார்கள். கடைசிப் பலகை அகன்றதும் மிளகாய் வற்றலின் நெடியும் வெல்லத்தின் இனிப்பும் புளியின் வாசமும் பெருங்காய மணமும் ஒன்றாகக் கலந்து தெருவுக்கு வரும். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் கடை வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும்.

கடைக்குச் சென்று வருவது என் வேலை. அம்மா எழுதித் தரும் சீட்டு, துணிப்பை, எண்ணெய்ப் புட்டி ஆகியவற்றுடன் கிளம்புவேன். கடைக்காரப் பெரியவர் சீட்டை உரக்கப் படித்தபடியே பொருள்களை நிறுப்பார். பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டிப் பருப்பைக் கொட்டுவார். மேலே தொங்கும் நூற்கண்டிலிருந்து நூலை இழுத்து நான்கு சுற்றுச் சுற்றி ஒரே இழுப்பில் அறுப்பார். அந்தப் பொட்டலம் வீடு வரும்வரை அவிழ்ந்ததே இல்லை.

அளவைகளை நான் பள்ளியில் கற்கும் முன்பே கடையில் கற்றேன். மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் இந்தியாவில் 1956ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. தராசில் கிலோவும் கிராமும் குடியேறி நெடுங்காலம் ஆகியிருந்தும் என் பாட்டியின் பேச்சில் வீசையும் பலமும் விடைபெறவில்லை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி என்று அவர் வாய்பாடாகவே சொல்வார். பெரியவரும் அரிசியைப் படியால் அளக்கும்போது ‘ஒன்று’ என்று தொடங்கமாட்டார். ‘லாபம்’ என்று தொடங்கி ‘ரெண்டு, மூணு’ என்று எண்ணுவார்.

ஒருநாள் இரும்பு எடைக்கல்லைக் கவிழ்த்து, அதன் அடியில் ஈயத்தில் பதிந்திருந்த முத்திரையைக் காட்டினார். “இது கல்லுக்கு அரசாங்கம் போட்ட முத்திரை, கண்ணு. கைக்கு நாமதான் போட்டுக்கணும்” என்றார். பிறர் பொருளை மிகுதியாகக் கொள்ளாமலும், தம் பொருளைக் குறைத்துக் கொடாமலும் வாழ்ந்த வணிகரைப் பற்றிப் பட்டினப்பாலையில் பிற்காலத்தில் படித்தபோது எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டுக் கணக்கு ஒரு பற்று நோட்டில் இருந்தது. பிள்ளையார் சுழியிட்ட அந்த நோட்டு, தெருவின் மற்ற வீட்டு நோட்டுகளோடு கடையிலேயே அடுக்கப்பட்டிருக்கும். அப்பாவுக்குக் கூலி வந்ததும் கடன் தீரும். அடுத்த நாளே புதிய பற்று தொடங்கும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டும் இந்த ஒழுங்கு குலையும். மழை பெய்தால் தெருவில் பாவு நீட்ட முடியாது. குழித்தறியின் குழிக்குள் நீர் ஊறும். தறி ஓசை அடங்கினால் அடுப்பும் அடங்கும். அந்த ஆண்டு மழை விடாமல் பெய்தது. பற்று நோட்டில் பக்கங்கள் வளர்ந்தன. வரவு என்று ஒரு வரிகூட இல்லை.

அப்படியொரு மாலையில் அம்மா சீட்டு எழுதினார். எழுதியபின் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ‘துவரம்பருப்பு அரைக் கிலோ’ என்பதை அடித்துக் ‘கால் கிலோ’ என்று திருத்தினார். நல்லெண்ணெயையும் வெல்லத்தையும் முழுவதுமாக அடித்தார். வேறு தாளில் எழுதித் தர வீட்டில் தாள் இல்லை.

கடையில் கூட்டம் குறையும்வரை நான் தூணோரம் நின்றேன். பெரியவர் சீட்டை வாங்கினார். வழக்கம்போல் அன்று அவர் அதை உரக்கப் படிக்கவில்லை. மௌனமாகவே நிறுத்துக் கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் பொட்டலங்களை அவிழ்த்த அம்மாவின் முகம் மாறியது. பருப்பு அரைக் கிலோ இருந்தது. அடித்துவிட்ட வெல்லமும் நல்லெண்ணெயும் இருந்தன. “கேட்காததை வாங்கினால் அது கடன் இல்லை, தானம். திருப்பிக் கொடுத்துவிட்டு வா” என்றார்.

மழையில் நனைந்தபடி மீண்டும் கடைக்குப் போனேன். அம்மா சொன்னதைத் தலை குனிந்து சொன்னேன். பெரியவர் கோபிக்கவில்லை. எங்கள் பற்று நோட்டை எடுத்துப் பிரித்தார். “தானம் பண்ற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லே, கண்ணு. எல்லாத்தையும் எழுதியிருக்கேன். அம்மாகிட்ட காட்டிட்டு வா” என்று நோட்டை என்னிடமே கொடுத்தார்.

அம்மா விளக்கருகே அமர்ந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். துவரம்பருப்பு அரைக் கிலோ, அதற்குரிய விலை. வெல்லம், நல்லெண்ணெய், அவற்றுக்குரிய விலை. ஒரு காசும் குறைக்கப்படவில்லை. கூட்டுத் தொகையைத் தாமும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார்.

எழுதாமல் கொடுத்திருந்தால் அந்தப் பருப்பு எங்கள் வீட்டில் வெந்திருக்காது. கொடுத்தது அவருடைய இரக்கம். எழுதியது எங்கள்மீது அவர் வைத்திருந்த மதிப்பு. கடனுக்கும் அன்புக்கும் ‘பற்று’ என்று தமிழ் ஒரே பெயர் வைத்திருப்பதன் பொருத்தத்தை அன்றிரவு உணர்ந்தேன்.

மணிமேகலையை இயற்றிய சீத்தலைச் சாத்தனாரைக் கூலவாணிகன் என்று குறிப்பிடுவர். கூலம் என்பது தானியம். பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபியைப் பாடியவர் ஒரு தானிய வணிகர் என்பதில் எனக்கு வியப்பில்லை. யார் வீட்டில் எந்நாளில் அரிசி குறைகிறது என்பதை முதலில் அறிபவர் அளந்து கொடுப்பவரே.

தை மாதத்தில் கூலி வந்தது. அம்மா தாமே என்னுடன் கடைக்கு வந்து, பணத்தை எண்ணி வைத்தார். பெரியவர் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடிழுத்து ‘வரவு’ என்று எழுதினார். பின்பு என் கையில் ஒரு துண்டு வெல்லம் வைத்தார். அதை மட்டும் அவர் எழுதவில்லை.

எல்லாக் கடைகளும் அப்படி இருந்தன என்று சொல்லமாட்டேன். தராசுத் தட்டை விரலால் அழுத்தியவர்களும், ஒன்றை இரண்டாக எழுதியவர்களும் உண்டு. இன்று உறையின் மீதே எடையும் விலையும் நாளும் அச்சிடப்பட்டிருக்கின்றன. வாங்குபவர் எவருடைய தயவுக்கும் காத்து நிற்க வேண்டியதில்லை. இது சிறிய நன்மையன்று.

ஆயினும் அண்மையில் ஒரு பல்பொருள் அங்காடியில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். திரையில் ஏறிய தொகையைப் பார்த்ததும் கூடையிலிருந்த பருப்பு உறையை மெல்ல எடுத்து, “இது வேண்டாம்” என்றார். பணியாளர் ஒரு பொத்தானை அழுத்தினார். அந்த வரி திரையிலிருந்து மறைந்தது, தொகை குறைந்தது. அடித்த சுவடுகூட இல்லை.

அந்தப் பெண்ணுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று என் மனம் தவித்தது. என்ன கொடுத்தாலும் அது தானமாகத்தான் இருக்கும். என் கையில் பணம் இருந்தது; பற்று நோட்டு இல்லை.