தாத்தா ரேசருக்கு என்ன வயசு?

அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தையொட்டி ஓடுகிறது அட்லாண்டிக் அவென்யூ. 1901-ல் இங்கே ஒரு மீன் கடையின் மாடியில்தான் கிங் ஜில்லெட்டின் கம்பெனி முளைத்தது. பாட்டில் மூடி விற்கும் சேல்ஸ்மேனாக இருந்தவர் அவர். மழுங்கினால் தூக்கிப் போடும் பிளேடு என்பது அவருடைய யோசனை. அத்தனை மெல்லிய எஃகுத் தகட்டைத் தீட்டவே முடியாது என்று பலர் கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற இன்ஜினீயர்தான் அதற்கு மெஷின் செய்து கொடுத்தார்.

1903-ல் விற்றவை வெறும் 51 ரேசர், 168 பிளேடு! முதல் உலகப் போரிலோ, ராணுவ வீரர்களுக்காக அமெரிக்க அரசு வாங்கியது சுமார் 35 லட்சம் ரேசர்.

அந்த 51-ல் ஒன்று கைக்குக் கிடைத்தால் புதையல்தான். பழைய பொருள் தேடுபவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். பல ரேசர்களில் '1904 நவம்பர் 15' என்று பொறித்திருக்கும். அது காப்புரிமை கிடைத்த நாள். ரேசர் பிறந்த நாள் அல்ல. பல வருடம் கழித்துச் செய்தவற்றிலும் அதே தேதி உண்டு. ஆரம்பகால ரேசர்களின் வயதைச் சொல்வது வரிசை எண்தான்.

1950-களில் தயாரான அமெரிக்க ரேசர் என்றால், தலைப்பகுதியின் அடியில் பாருங்கள். ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். எழுத்து வருடம், எண் காலாண்டு. 'ஏ1' என்றால் 1955-ன் முதல் மூன்று மாதம்.

உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியிலும் ஒரு ரேசர் கிடக்கலாம். துரு போகட்டும் என்று உப்புத்தாள் மட்டும் போட்டுவிடாதீர்கள். துருவோடு அதன் ஜாதகமும் போய்விடும்!