எர்த் ஒயரும் அக்கா பையனும்

விடியக்காலை மூணே முக்காலுக்குச் சாவியைத் திருப்பினேன். "டொக்"னு ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன், மறுபடி "டொக்". பின்னாடி முந்நூறு கட்டு கீரை, மேல ஈரச்சாக்கு போர்த்தி ஏத்தியாச்சு. அஞ்சு மணிக்குள்ள தாம்பரம் மார்க்கெட்ல இறக்கினா ஒரு விலை. ஏழு மணிக்கு மேல போனா "என்னாய்யா வாடிப்போச்சு"ன்னு பாதி விலைக்குக் கேப்பாங்க.

எங்க ஊரைக் கிராமம்னு எழுதுறேனேன்னு சில பேர் சிரிக்கலாம். ராஜகீழ்ப்பாக்கம் 2021 நவம்பர்லயே தாம்பரம் மாநகராட்சிக்குள்ள போயாச்சு. சிக்னல்ல நின்னா வேளச்சேரி ரோட்டுல வண்டிக்கு நடுவுல ஆள் தெரியாது. ஆனா அகரம்தென் பக்கம் குத்தகைக்கு எடுத்த எழுபது சென்ட்ல நான் இன்னும் அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நமக்கு அதுதான் கிராமம்.

வண்டி பழைய குட்டி யானை. டாடா ஏஸ்னு சொன்னா எங்க பக்கம் யாரும் சொல்ல மாட்டாங்க, குட்டி யானைதான். 2005-ல வந்த வண்டி. ரெண்டு சிலிண்டர், 702 சிசி டீசல். சீட்டைத் தூக்கினா அடியில இன்ஜின் இருக்கும். என் கைக்கு வர்றப்பவே கிழவி. இப்ப கொள்ளுப்பாட்டி.

அன்னைக்குப் பால் போட வந்த பையனும், கம்பெனி கேப்ல வந்து இறங்கின பக்கத்து பிளாட்டுத் தம்பியும் சேர்ந்து தள்ளினாங்க. ரெண்டாவது கியர்ல போட்டு கிளச்சை விட்டதும் பிடிச்சுக்கிச்சு. அந்தத் தம்பி கழுத்துல ஐடி கார்டோட தள்ளினது இன்னும் கண்ணுல நிக்குது. அவருக்கு ஒரு மாசம் கீரை இலவசம்னு சொல்லிட்டேன். வாங்க மாட்டேங்குறாரு.

இந்தத் தொந்தரவு ஐப்பசி மழையில ஆரம்பிச்சது. அப்ப வண்டி ஓட்டினது என் அக்கா பையன். ஒரு நாள் காலையில செல்ஃப் எடுக்கல. பேட்டரி சுத்தமா டவுன். "ராத்திரி லைட்டை அணைக்காம விட்டியாடா?"ன்னு கேட்டேன். "இல்ல மாமா, அணைச்சேன்"னான். பேட்டரி பின்ன எப்படி இறங்கும்? அதோட அந்த வருஷம் ஆக்சிலேட்டர் கேபிள் ரெண்டு தடவை போயிருந்தது. மேல் உறை உருகி, உள்ள கம்பி சிக்கி. "முறுக்குற முறுக்குல கேபிளே உருகுதுடா, நீ வண்டி ஓட்டுறியா, ரேஸ் ஓட்டுறியா?"ன்னு மார்க்கெட்ல நாலு பேர் நிக்கும்போதே கத்திட்டேன். அவன் ஒண்ணும் பேசல. சாவியை டேஷ்போர்டுல வச்சிட்டு பஸ் ஏறிப் போயிட்டான். தீபாவளிக்குக்கூட வீட்டுக்கு வரல. தண்ணி லாரி ஓட்டுறான்னு அக்கா சொல்லித்தான் தெரியும்.

அப்புறம் நானேதான் ஓட்டினேன். புது பேட்டரி போட்டேன். பத்து நாள் நல்லா இருந்தது, மறுபடி அதே கதை. ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினேன். கேட்ட உடனே "செல்ஃப் மோட்டார் போச்சு, மாத்தணும்"னு ஒரு தொகை சொன்னாரு. அந்தத் தொகைக்கு எத்தனை கட்டு கீரை அறுக்கணும்னு கணக்குப் போட்டுப் பார்த்துட்டு, "நாளைக்கு வர்றேன்"னு வந்துட்டேன்.

வீட்டுல ஒரு மல்டிமீட்டர் இருக்கு. பம்புசெட் ஸ்டார்ட்டர்ல பேஸ் வருதான்னு பார்க்க ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினது. ஞாயித்துக்கிழமை வண்டியைச் சமமான இடத்துல நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கல்லு வச்சு, நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சீட்டைத் தூக்கிட்டு உட்கார்ந்தேன். முந்தின நாள்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தி வாங்கியிருந்தேன். மீட்டர்ல 12.6 வோல்ட். முழுசா சார்ஜ் இருக்குன்னு அர்த்தம்.

வீட்டுக்காரியை டிரைவர் சீட்டுப் பக்கம் நிக்க வச்சு, "நான் சொன்னா சாவியைத் திருப்பு"ன்னேன். ஹெட்லைட்டையும் போடச் சொன்னேன். இதை நீங்களும் உங்க கார்ல பார்க்கலாம். சாவியைத் திருப்புறப்ப லைட் மங்கிப்போனா பேட்டரியிலயோ அதோட டெர்மினல்லயோ கோளாறு. எங்க வண்டியில "டொக்"னு சத்தம் வந்தப்பவும் லைட் பளிச்சுனு எரிஞ்சுது. பேட்டரியில 12.3-க்குக் கீழ இறங்கல. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கிற சாமான். ஒரு ஹெட்லைட்டு இழுக்கிறது 5 ஆம்பியர்தான். மோட்டார் நிஜமா இழுத்திருந்தா பேட்டரி வோல்ட் 10, 11-க்காவது இறங்கியிருக்கணும். இறங்கலன்னா கரண்ட்டே ஓடலன்னு அர்த்தம். எங்கயோ வழி அடைச்சிருக்கு.

டேங்க் நிறைய தண்ணி இருக்கு, பைப்புக்குள்ள பாசி அடைச்சிருக்கு. சின்னக் குழாயைத் திறந்தா நல்லாத்தான் வரும். வயலுக்கு மடையைத் திறந்தாத்தான் தெரியும் தண்ணி வரலன்னு. அதே கதைதான்.

பாசி எங்க? பேட்டரி பாசிட்டிவ்ல ஒரு முள்ளு, செல்ஃப் மோட்டார் போல்ட்ல ஒரு முள்ளு வச்சு, "திருப்பு"ன்னேன். 0.2 வோல்ட். அந்த ஒயர்ல குத்தம் இல்ல. அடுத்து பேட்டரி நெகட்டிவ்ல ஒரு முள்ளு, இன்ஜின் இரும்புல ஒரு முள்ளு. "திருப்பு."

7 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. அங்க அரை வோல்ட்டுகூட இருக்கக் கூடாது. பேட்டரி குடுக்கிற 12-ல பாதிக்கு மேல திரும்பி வர்ற வழியிலயே போயிடுது. மீதியில செல்ஃப் மோட்டார் பாவம் "டொக்"னு மட்டும்தான் சொல்ல முடியும்.

வண்டியில கரண்ட் திரும்பி வர தனியா ஒயர் கிடையாது, சேசிஸ் இரும்புதான் ஒயர். ஆனா இன்ஜின் சேசிஸ் மேல நேரா உட்காரல, ஆட்டம் தெரியாம இருக்க ரப்பர் மேல உட்கார்ந்திருக்கு. ரப்பர்ல கரண்ட் போகாது. அதனால இன்ஜின்லேருந்து சேசிஸுக்கு ஒரு செம்புப் பட்டை, ஜடை பின்னின மாதிரி, போல்ட் போட்டு மாட்டியிருப்பாங்க. அதைத்தான் எர்த் பட்டைன்னு சொல்றது.

அடியில படுத்து டார்ச் அடிச்சேன். பட்டை இருந்தது. சேசிஸ் பக்கத்து முனையில பச்சையா உப்பு பூத்து, போல்ட்டைச் சுத்தி துரு, பாதி இழை அறுந்து தொங்குது. மூணு மழைக்காலச் சேத்துத் தண்ணி. நான் ஒரு நாளாவது வண்டிக்கு அடியில கழுவியிருந்தாத்தானே.

உறுதிப்படுத்திக்க, ஜம்பர் கேபிள் ஒண்ணை எடுத்து பேட்டரி நெகட்டிவ்லேருந்து நேரா இன்ஜின் இரும்புக்குக் குடுத்தேன். "இப்ப திருப்பு." அரைச் சுத்துல பிடிச்சுது. "இதுக்கா செல்ஃபை மாத்தச் சொன்னாங்க?"ன்னு வீட்டுக்காரி கேட்டா. நான் பதில் சொல்லல. என் மனசு வேற இடத்துல இருந்தது.

கரண்ட் ஒரு வழி அடைச்சா இன்னொரு வழி தேடும். பட்டை போனதும், இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கிட்டிருக்கிற வேற இரும்பு எது? ஆக்சிலேட்டர் கேபிள். அந்த நூல் மாதிரி கம்பி வழியா செல்ஃப் மோட்டார் கரண்ட் போனா உறை உருகாம என்ன செய்யும்? பையன் முறுக்கி ஓட்டினதால உருகல. இன்னொண்ணு, பேட்டரியைச் சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரும் இன்ஜின் மேலதான் இருக்கு. அதுக்கும் இதே பட்டைதான் வழி. வழி அடைச்சா வண்டி ஓட ஓட பேட்டரி நிறையாது, கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். லைட்டை அவன் அணைச்சுத்தான் இருக்கான்.

சரி செஞ்ச விதத்தையும் சொல்லிடுறேன். முதல்ல பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டணும், மாட்டும்போது அதைக் கடைசியா மாட்டணும். பாசிட்டிவ்வை முதல்ல கழட்டி, ஸ்பேனர் பாடியில பட்டுதுன்னா தீப்பொறி பறக்கும். கையில மோதிரம், காப்பு எதுவும் வேண்டாம். போல்ட் வரவே மாட்டேன்னுது. டீசல் ஊத்தி ஒரு மணி நேரம் ஊற விட்டுத்தான் ஸ்பேனர் போட்டேன். சேசிஸ்ல போல்ட் உட்கார்ற இடத்தை உப்புத்தாள் போட்டு, பெயிண்ட், துரு எல்லாம் போய் வெள்ளி மாதிரி தெரியுற வரைக்கும் தேய்ச்சேன். இன்ஜின் பக்கமும் அப்படியே. பழைய பட்டை ஆகாதுன்னு தூக்கிப் போட்டுட்டு, தாம்பரத்துல பேட்டரி கடையில தடி ஒயர்ல ரெண்டு பக்கமும் லக் அடிச்சு வாங்கினேன். இருநூறு ரூபாய்க்குள்ள ஆச்சு. இறுக்கினதுக்கப்புறம் மேல கிரீஸ் தடவினேன். இறுக்குறதுக்கு முன்னாடி தடவிடாதீங்க, இரும்பும் இரும்பும் நேரா தொடணும்.

ஸ்டார்ட் பண்ணி, ஓடும்போது பேட்டரியில மீட்டர் வச்சேன். 14.1. முன்னாடி இதே மாதிரி பார்த்திருந்தா 13-ஐத் தாண்டியிருக்காது. அந்த மீட்டர் ஐப்பசியிலயும் அதே அலமாரியிலதான் இருந்தது.

சாயங்காலம் பழைய பட்டையையும், உருகின கேபிளையும் (இரும்புக்காரனுக்குப் போடலாம்னு வச்சிருந்தேன்) ஒரு மஞ்சப்பையில போட்டுக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பையன் வாசல்ல உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கிட்டிருந்தான். எழுந்து நின்னான், "வாங்க மாமா"ன்னு மட்டும் சொன்னான். பையைக் கவுத்துக் காட்டினேன். என்ன ஆச்சுன்னு முழுசா சொன்னேன். "தப்பு என் மேலதான்பா"ன்னேன். அக்கா உள்ளேருந்து வந்து கதவோரம் நின்னாங்க.

அவன் கேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்பவே சொன்னேன் மாமா. செல்ஃப் அடிச்சா கேபிள் சுடுதுன்னு. நீங்க, இன்ஜின் பக்கத்துல இருந்தா சுடாம ஐஸா இருக்கும்னீங்க."

சொல்லியிருக்கான். எனக்கும் ஞாபகம் வந்துச்சு. கீரை இறக்குற அவசரத்துல காதுல வாங்கிக்கல.

கொஞ்ச நேரம் யாரும் பேசல. அக்கா காபி கொண்டு வந்தாங்க. அவன்தான் அப்புறம் கேட்டான், "புது ஒயர் எத்தனை தடியில போட்டீங்க? பேட்டரிலேருந்து சேசிஸுக்கு வர்ற ஒயரைப் பார்த்தீங்களா? அதுவும் அதே வயசுதானே?"

பார்க்கலன்னேன்.

தண்ணி லாரியில லோடு கணக்குக்குக் காசு வருது, அதை விட முடியாதுன்னுட்டான். நான் கேட்கவும் இல்ல. ஞாயித்துக்கிழமை லாரிக்கு லீவு, வந்து அந்த ஒயரைக் கழட்டிப் பார்க்கிறேன்னான். உப்புத்தாள் மட்டும் வாங்கி வைக்கச் சொன்னான். எண்பதாம் நம்பர்.