ஷெல்லாக் புட்டியின் அடியில்

கிதாரின் முன்பலகை அதிர்ந்தால்தான் நாதம் எழும். கனத்த பூச்சு ஏறினால் அந்த அதிர்வு மட்டுப்படும். அதனால்தான் கையால் தேய்த்து மெல்லிசாக ஏற்றும் ஷெல்லாக் மெருகை, பிரெஞ்சு பாலிஷை, கிளாசிக்கல் கிதார் செய்பவர்கள் பலர் இன்றும் விடவில்லை. 1920-களில் தெளித்துப் பூசும் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் வந்ததும் தொழிற்சாலைகள் அதற்கு மாறிக்கொண்டன. தனியாகப் பட்டறை வைத்திருப்பவர்கள் மாறவில்லை.

ஷெல்லாக் செதில்களை ஸ்பிரிட்டில் கரைக்க வேண்டும். பஞ்சை வெள்ளைத் துணியில் பொதிந்து அதில் நனைத்து, துணி இழுத்துப் பிடிக்காமலிருக்க ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் தொட்டு, வட்டமாகவும் எட்டுப் போலவும் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். லிட்டருக்கு 150 கிராம் என்ற அளவில் நான் கரைத்துவைத்த புட்டியில், மறுநாள் மேலே தேன்நிறத் தெளிவும் அடியில் வெண்மையான படிவும் இருந்தன. எங்கள் தெருத் தச்சுப் பட்டறையில் பாலிஷ் போடும் பெரியவரிடம் காட்டினேன். "மெழுகு தம்பி அது. மேலாக இறுத்துக்கோ, அடியைக் கலக்கிடாதே" என்றார்.

வேலைக்கு அது போதும். ஆனால் பிசினுக்குள் மெழுகு எப்படி வந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. புத்தகங்களில் தொடங்கிய தேடல், ராஞ்சிக்குத் தெற்கே குந்தி வரை இழுத்துச் சென்றது. ஷெல்லாக்கின் மூலப்பொருளான அரக்குக்கென்றே 1924-இல் ராஞ்சியை ஒட்டிய நாம்குமில் ஆய்வுக்கூடம் அமைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு அது அரக்குச் சீமை.

அங்கே ஒரு குசும் மரக்கிளையைக் காட்டினார்கள். சுற்றிலும் செம்பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அரக்குப்பூச்சியின் குஞ்சு அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இளங்கிளையில் வாயை ஊன்றிச் சாறு உறிஞ்சத் தொடங்கிய பெண்பூச்சி பிறகு இடம் பெயராது. பிசினைத் தன்மேலேயே சுரந்து, அதற்குள் அடைபட்டு வாழும். அப்படியானால் மூச்சு? பொருக்கின்மேல் பஞ்சிழை போல வெள்ளை நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சுவாசத் துளைகளைப் பிசின் அடைத்துவிடாமல் காக்கும் மெழுகு நூல்கள் அவை. ஷெல்லாக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு மெழுகு; எல்லாம் இந்தப் பூச்சி சுரந்ததுதான். வேண்டாததென்று நான் அடியில் விட்டுவைத்த பொருள் ஓர் உயிருக்கு மூச்சுவழி காத்திருக்கிறது. அதை அறிந்தபோது மெய்சிலிர்த்தது.

பொருக்கில் சிவப்புச் சாயமும் உண்டு. ஒரு காலத்தில் ஐரோப்பிய வணிகர்கள் தேடி வந்தது அதைத்தான். 1856-க்குப் பின் செயற்கைச் சாயங்கள் பெருகவே, சாயம் கழுவிக் கொட்டும் கழிவாகி, பிசினே சரக்காயிற்று.

கிளையிலிருந்து சுரண்டிய அரக்கை நொறுக்கிக் கழுவி, நீண்ட துணிப்பையில் அடைத்துக் கரித்தணலின் முன் பிடித்து முறுக்குவது பழைய முறை. உருகிப் பிதுங்குவதை ஓர் ஆள் இரு கைகளாலும் கால்விரல்களாலும் பல்லாலும் கவ்வி, சூடு ஆறுவதற்குள் விரித்து இழுப்பார். ஆறிய தகட்டை உடைத்தால் செதில். கையால் மெருகேற்றிய கிதார் என்று சொல்லும்போது, தணலருகே நின்ற அந்தக் கைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

குசும் மரத்து அரக்கு வெளிறியது. பலாச மரத்து அரக்கில் செம்மை ஏறியிருக்கும். என் கிதாரின் முன்பலகை வெளுத்த ஸ்ப்ரூஸ் என்பதால் அதற்குக் குசும் அரக்கைத் தேர்ந்தேன். பின்பலகையும் பக்கங்களும் ரோஸ்வுட். அங்கே பலாச அரக்கை ஏற்றினேன். மரத்தின் கருஞ்சிவப்பு இன்னும் துலங்குகிறது.