உண்ணிக்கும் ஒரு வாசம்

சரவணையில நாய் நிக்கிற வளவுகளில உண்ணியும் நிக்கும். பின்னேரத்தில நாயைப் பிடிச்சுக் கிடத்தி, காதுக்குள்ளயும் கால் விரலிடுக்கிலயும் தேடிப் பிடுங்கி, சிரட்டையில ஊத்தின மண்ணெண்ணெய்க்குள்ள போடுறது எங்கட வழக்கம். அப்பிடிப் பிடுங்கேக்க, ஆமணக்கங்கொட்டை மாதிரி ஊதின சாம்பல் நிற உண்ணிக்குப் பக்கத்தில, தட்டையா, மண்ணிறமா ஒரு சின்னன் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதைக் குட்டி எண்டுதான் சொல்லுவினம். அநேகமா அது குட்டியில்லை, ஆண்.

மயிர்க்காட்டுக்குள்ள அது எப்பிடி அந்தப் பெண்ணைக் கண்டுபிடிச்சது? வாசத்தால. இரத்தம் குடிக்கத் தொடங்கிச் சில நாளில பெண் உண்ணி 2,6-டைகுளோரோபீனோல் என்ற வேதிப்பொருளை வெளிவிடுகிறது. 1972இல் ஓர் அமெரிக்க உண்ணியினத்தில் இது அடையாளம் காணப்பட்டது. எங்கட நாயுண்ணியிலும் இருக்கிறது. ஆணுக்கு மூக்கு முகத்தில இல்லை. முன்னங்கால் நுனியில இருக்கிற ஹாலர் உறுப்பால மணந்து, குடிக்கிறதை விட்டிட்டு வெளிக்கிடும்.

ஆனால் பல இனங்களுக்கு இதே வாசம்தான். ஆள்மாறிப் போகாதோ? அமெரிக்க நாயுண்ணியில் பார்த்திருக்கிறார்கள்: பெண்ணின் உடல்மேல் இருக்கிற கொலஸ்டெரைல் ஒலியேற்றைத் தொட்டறிந்த பிறகுதான் ஆண் ஏறும். அதுக்குப் பிறகும் வாயுறுப்பால இன்னொரு வேதிச் சோதனை. மூன்று கடவை தாண்டினால்தான் கலியாணம்!

இதில எங்களுக்கென்ன எண்டு கேட்டால், இருக்கு. சேராத பெண் உண்ணி முழுசா ஊதாது. சேர்ந்தது மளமளவெண்டு குடிச்சு, விழுந்து, சுவர் வெடிப்புக்குள்ள ஆயிரக்கணக்கில முட்டையிட்டுச் செத்துப்போகும். ஆணோ நாயிலேயே தங்கி அடுத்த பெண்ணைத் தேடும். ஊதினதை மட்டும் பிடுங்கிச் சின்னனை விட்டால் அரைவேலைதான். சுவர் வெடிப்பையும் நாய் படுக்கிற இடத்தையும் பார்க்காட்டில் அதுவும் இல்லை.

சிம்பாப்வேயில் 1990களில் இன்னொரு உண்ணியினத்தின் வாசத்தோடு உண்ணிமருந்தும் கலந்த பட்டியை மாட்டு வாலில் கட்டிப் பரிசோதித்தார்கள். வாசத்தைத் தேடி வந்த உண்ணிகள் மருந்தில மாட்டிக்கொண்டன. எங்கட கடைகளில அப்பிடி ஒண்டு வரும்வரைக்கும் விரலும் சிரட்டையும்தான். ஆனால் நாயுண்ணி எர்லிக்கியா என்ற கிருமியையும் காவும். நாய் சோர்ந்து, தீன் எடுக்காமல் கிடந்தால் ‘வெயிலுக்கு’ எண்டு விடாமல் மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோங்கோ.