கிட்டார் இல்லாத ராக் குழு

லாஸ் ஏஞ்சலஸ்



இந்த ஊரில் 1967இல் ஓர் இசைக்குழு உருவானது. பெயர் ‘தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா’. வியட்நாம் போர் நடக்கும்போது பொதுவுடைமைக் கட்சிக்காரரான ஜோசப் பேர்ட் நாட்டின் பெயரையே தன் குழுவுக்குச் சூட்டினார். எவ்வளவு நெஞ்சுரம்! இசையில் அதைவிடத் துணிச்சல். ராக் குழுதான், ஆனால் கிட்டாரே கிடையாது. மின்வயலின், பேஸ், டிரம்ஸ், பேர்டின் மின்னணுக் கருவிகள், எல்லாவற்றுக்கும் மேலே டோரத்தி மாஸ்கோவிட்ஸின் அலட்டிக்கொள்ளாத குரல்.

பின்னாளில் சிந்தசைசர் உலகில் பெரும்பெயர் பெற்ற டாம் ஓபர்ஹைம் இவர்களுக்கு ரிங் மாடுலேட்டர் செய்து கொடுத்தார். 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தையும் 100 ஹெர்ட்ஸ் அலையையும் அதற்குள் விட்டால் இரண்டும் காணாமல் போய், அவற்றின் கூட்டுத்தொகையான 540உம் வித்தியாசமான 340உம் வெளியே வரும். எந்த ஸ்ருதிக்கும் கட்டுப்படாத ஒலி அது. 1968இல் கொலம்பியா வெளியிட்ட அவர்களுடைய ஒரே இசைத்தட்டை ஹெட்போனில் கேளுங்கள். முதல் பாட்டிலேயே பாண்டு வாத்தியம் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு ஊர்வலம் போகும். எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

பேர்டும் டோரத்தியும் நம் இசையையும் தேடிப் போனவர்கள். காயத்ரி ராஜாபூரும் ஹரிஹர் ராவும் ஃபோக்வேஸ் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த தென்னிந்திய ராக இசைத்தட்டில் இவர்கள் பங்கும் உண்டு.

குழுவின் அந்த ஒரே தட்டுக்கு பில்போர்டு பட்டியலில் 181ஆம் இடம். அதே ஆண்டில் குழு கலைந்தது. தோற்றுப்போன குழு என்று இதை ஒதுக்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. டிரம்ஸ் வாசித்த கிரெய்க் உட்சன் கானாவின் பேசும் முரசான அட்டும்பனை ஆராய்ந்து முனைவரானார். வீட்டில் கிடக்கும் பொருள்களைக் கொண்டு வாத்தியம் செய்யக் கற்றுக்கொடுத்தார். பேர்ட், இசைக்கலைஞர் ரை கூடரின் ‘ஜாஸ்’ தட்டைத் தயாரித்தார், கல்லூரியில் இசை வரலாறு நடத்தினார். டோரத்தி பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு டீச்சராக இருந்தார். சோதனை இசையில் பழகிய காது எங்கே போய் வேலை செய்கிறது பாருங்கள்!

எண்பதைக் கடந்த பிறகு, 2023இல், டோரத்தி புதிய தட்டு ஒன்றை வெளியிட்டார். குழுவுக்கு இம்முறை ‘தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் ஆல்கெமி’ என்று பெயர். பழைய தட்டைக் கேட்டு முடித்த கையோடு இதையும் கேளுங்கள்.